சூலிப்பாறையில் ஏறலாகாது

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் நம்மில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். ஐந்தருவிக்குக் கீழே, ஓடை திரும்புகிற இடத்தில் கிடக்கிற பெரிய பாறையின் உச்சியில், தொப்பியும் கூலிங் கிளாஸுமாக இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். முழங்காலுக்கு மாத்திரை விழுங்குகிற வயதில், போட்டிருக்கிற கம்பிவேலியையும் தாண்டி எப்படி ஏறினார் என்பது தனி ஆச்சரியம். நீங்கள் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. கோபமா என்று தனியாகக் கேட்டார். கோபமெல்லாம் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் நீளும் என்றுதான் பேசாமல் இருந்தேன். இன்றைக்கு வெளியே சாரல் அடிக்கிறது, எங்கேயும் போகிற உத்தேசமும் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

நாலாம் வகுப்பில் அம்மை போட்டு நான் பல நாள் வராமல் போனது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் உடம்பு தேறவில்லை. தென்காசி வீட்டில் தம்பி கைக்குழந்தை. அம்மாவுக்கு இரண்டு பேரைச் சமாளிக்க முடியவில்லை. "குத்தாலத்துக் காத்து பட்டா சரியாயிரும்" என்று அப்பா என்னைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஆனி மாதம், சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அத்தை ஐந்தருவி ஓடைக்கரையில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்றாள். மாமா அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். அவர் அதிகம் பேசமாட்டார். அவர் பேசாததையும் சேர்த்து அத்தை பேசுவாள். நாலு கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் கட்டினால் அதுதான் கடை. உள்ளே ஒரு பெரிய இருப்புச்சட்டி, விறகடுப்பு, பழைய டால்டா டின்கள். ஈர விறகுப் புகையும், தேங்காய் எண்ணெயில் காய் வேகிற வாசனையும், குளித்துவிட்டு வருகிறவர்கள் மேலிருந்து வருகிற சோப்பு வாசனையும் கலந்து ஒரு மணம் இருக்கும். சாரல் விழுந்து எண்ணெய் 'சுர்'ரென்று பொரியும். எனக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வந்துவிடும். சாக்கு விரித்து அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். முகத்தில் இருந்த அம்மைத் தழும்பை யாராவது வெறித்துப் பார்த்தால், "என்னத்தப் பாக்கிய? சிப்ஸ் வேணுமா, வேண்டாமா?" என்று அத்தை கேட்பாள்.

டால்டா டின்களில் ஒன்றில் சிப்ஸ் கிடையாது. அருவியில் தொலைந்து ஓடையில் வந்து சேர்கிற சாமான்களை அத்தை அதில் போட்டுவைப்பாள். சீப்பு, சோப்புப் பெட்டி, ஒற்றைக் கொலுசு, கண்ணாடி இல்லாத மூக்குக் கண்ணாடி. ஒரு தடவை ஒரு பல்செட் வந்தது. அதைத் தேடிக்கொண்டு ஒரு பெரியவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். அத்தை சிரிக்காமல் எடுத்துக் கழுவிக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு அங்கேயே ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கடைக்குப் பின்னால்தான் அந்தப் பாறை. எட்டி நின்று பார்த்தால் ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போல இருக்கும். தலை அருவிப் பக்கம். நடுவில் மேடாக வயிறு. பக்கவாட்டில் ஒரு மடிப்பு, மடக்கிவைத்த கை மாதிரி. நிறைமாசக்காரி படுத்திருக்கிறாள் என்று சொல்லி எங்கள் பக்கத்தில் அதைச் சூலிப்பாறை என்பார்கள். அதற்குக் கோயில் இல்லை, கோபுரம் இல்லை. காலடியில் குங்குமம் அப்பிய ஒரு மாடக்குழி, அதில் ஒரு அகல். வளைகாப்பு நடந்த பெண்கள் வந்து இரண்டு கண்ணாடி வளையலைக் கழற்றி அந்தக் கை மடிப்பில் வைத்துவிட்டுப் போவார்கள். பச்சையும் சிவப்புமாக அங்கே எப்போதும் குவிந்து கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்க மட்டும் ஒரு பூசாரி வருவார். மற்ற நாளில் சாயங்காலம் விளக்கு ஏற்றுவது அத்தைதான். எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பாறையில் காலை வைக்க மாட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? அதன் உச்சியில் நின்றால் அருவியின் ஐந்து கிளையும் தெரியும். கழுத்தில் கேமரா தொங்குகிறவர்களுக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. நாள் முழுக்க யாராவது ஏறுவார்கள், அத்தை நாள் முழுக்கக் கத்துவாள்.

"ஏலே, எறங்குலே! தம்பி, எறங்குங்கய்யா! எம்மா, நீயுமா ஏறுத? பைய எறங்கு."

கத்தி எடுபடாதபோது தந்திரம் செய்வாள். பாறைக்குப் பின்னால் மலைத்தேனீக் கூடு இருக்கிறது என்பாள். நேற்றுத்தான் ஒரு நல்லபாம்பு போனது என்பாள். புது மாப்பிள்ளை, பெண் என்றால் தனியாகக் கூப்பிட்டு என்னவோ காதில் சொல்வாள். அவர்கள் முகம் சிவந்து இறங்கிவிடுவார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த வருஷம் மாமா ஒரு பலகை எழுதி வாங்கி வந்தார். 'இப்பாறையில் ஏறலாகாது.' நல்ல சிவப்பு எழுத்து. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் போயிருக்கும். ஒரு காலையில் நாங்கள் போகும்போது பாறை மேல் ஒரே கூட்டம். குரங்குகள் பலகையில் தொங்கி விளையாடி அதை ஒடித்துப் போட்டிருந்தன. மிச்சம் நின்ற துண்டில் 'இப்பாறையில் ஏறலா' என்று இருந்தது. எந்தக் காலேஜ் பையனோ கரித்துண்டால் பக்கத்தில் ஒரு 'ம்' போட்டுவிட்டான். ஒடிந்த துண்டு ஓடையோரம் கிடந்தது. அதில் 'காது' என்று மட்டும் இருந்தது. அத்தை அதைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இவனுவளுக்கு அதுதான் கெடையாதே" என்றாள். மாமா சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டுப் பெரியவர்கள் இதையெல்லாம் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அத்தைக்குப் பிள்ளை இல்லை. "வரம் கேட்டு அந்தக் கல்லுக்குக் காவல் கெடக்கா, பாவம்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய் தீர்ந்துபோய் மாமா தென்காசிக்குப் போயிருந்தார். மத்தியானம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மெட்ராஸ்காரர்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதம் இருக்கும், இடுப்பில் கை வைத்து நடந்தாள். அத்தை அவளைக் கடைக்குள் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தாள். கணவர் கேமராவோடு நேரே பாறையில் ஏறினார்.

"ஐயா, எறங்கும். அதுல ஏறக் கூடாது."

"ஒரே ஒரு போட்டோம்மா."

"ஒன்னும் வேண்டாம். அது சாமி."

"கல்லுதானேம்மா. இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கத்துறீங்க?" என்று சொல்லிக்கொண்டே அவர் மேலே போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சொன்னா கேக்க மாட்டார்க்கா. என்ன சாமி இது?" என்று கேட்டாள். அத்தை அடுப்பை விட்டு எழுந்து, அவளுக்குத் தலை, வயிறு, கை என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னாள். அவள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையையே பார்த்தாள். "ஐயோ, அது மேலயா நிக்கிறார்?" என்றாள்.

அப்போதுதான் அருவியின் சத்தம் மாறியது. எங்களுக்கு மேலே மழையே இல்லை, வெயில்கூட லேசாக அடித்தது. மலைமேல் எங்கேயோ கொட்டியிருக்கிறது. ஓடையில் சருகும் சுள்ளியுமாக வந்தது. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. பச்சை மண்வாசனை ஒன்று குப்பென்று வந்தது. அருவிப் பக்கம் போலீஸ் விசில் கேட்டது. எல்லோரும் ஈரத்துணியோடு ரோட்டைப் பார்த்து ஓடினார்கள்.

எங்கள் கடை இருந்த கரைக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் உண்டு, பலகை போட்டுத் தாண்டுவோம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணை முன்னால் விட்டு, அங்கே போவதற்குள் பலகை போய்விட்டது. வாய்க்கால் மார்பளவுக்குச் சீறிக்கொண்டு ஓடியது. அக்கரையில் ஆட்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஓடைத் தண்ணீர் கடைக்குள் வந்து அடுப்பை அணைத்துவிட்டது.

மேலே நின்ற மனிதர் இதைப் பார்த்துவிட்டு, மனைவியிடம் வருவதற்காக அவசரமாக இறங்க ஆரம்பித்தார். அத்தை இரண்டு கையையும் தூக்கினாள்.

"எறங்காதேயும்! யோவ், எறங்காதேயும்யா! அங்கனயே நில்லும்!"

காலை முதல் இறங்கு இறங்கு என்று கத்திய அதே தொண்டை. அவர் திகைத்து நின்றுவிட்டார்.

அத்தை என்னைப் பாறைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் என் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் காலைத் தூக்க மாட்டேன் என்று நின்றேன். அவளேதானே ஏறக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள்? அத்தை என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி மேலே வீசினாள். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணும் ஏற மறுத்தாள். பாறையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள்.

"வேண்டாம்க்கா. நிறைமாசக்காரின்னீங்களே. அவ வயித்து மேல நான் எப்படிக்கா காலை வைப்பேன்?"

"ஏட்டி, அவளுக்குத் தெரியாதா ஒன் நெலம? அவளும் ஒன்ன மாதிரிதான். ஏறு. செருப்பக் கழத்து."

வெள்ளம் தொடையைத் தள்ளுகிறது, அத்தை செருப்பைக் கழற்றச் சொல்கிறாள்! அந்தப் பெண்ணும் கழற்றினாள். செருப்பு இரண்டும் சுழன்றுகொண்டு போயின. அத்தை தன் காலில் கிடந்த மாமாவின் ரப்பர் செருப்பையும் உதறினாள். அவளைக் கீழிருந்து தோளால் முட்டித் தூக்கினாள், மேலிருந்து கணவர் இழுத்தார். கடைசியாகத்தான் அத்தை ஏறினாள். ஏறுவதற்கு முன்னால் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி" என்றாள். பஸ்ஸில் நெருக்கியடித்து உட்காரும்போது பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

நாங்கள் நாலு பேர். ஐந்தாவதாக ஒரு குரங்கு. எங்களுக்கு முன்னாடியே வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. அது ஒருத்தரையும் கடிக்கவில்லை, எதையும் பிடுங்கவில்லை. பாறையைச் சுற்றி எல்லாப் பக்கமும் செம்மண் தண்ணீர். கடையின் நாலு கம்பும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இருப்புச்சட்டி ஒரு படகு மாதிரி கொஞ்ச தூரம் மிதந்து போய்க் கவிழ்ந்தது. டின்கள் திறந்துகொண்டு சிப்ஸ் முழுக்கத் தண்ணீரில் மஞ்சளாகப் பரவியது. கை மடிப்பில் கிடந்த வளையல்கள் கலகலவென்று உருண்டு போயின. அத்தை கடையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பாறையின் வயிற்று மேட்டில் சாய்த்து உட்காரவைத்து, தன் முந்தானையால் அவளையும் என்னையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். "வலி எதும் இருக்காட்டி? பிள்ள அசையுதா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மனிதர் கேமராவை எங்கே விட்டார் என்று தெரியவில்லை. அவர் அதைத் தேடவும் இல்லை.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. மாமாவும் நாலைந்து பேரும் கயிறு கட்டி வந்து எங்களை இறக்கினார்கள். இறங்கின மெட்ராஸ்காரர் நேரே அத்தையிடம் வந்தார். கையைக் கூப்பிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிப் போக ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, "மதினி, பிள்ள வரம் கேட்டு இத்தன வருசம் காவல் கெடந்தீங்க. அதான் அவ ஒங்களக் கைவிடல" என்றாள்.

அத்தை அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "வரமா? நான் எப்ப அவகிட்ட வரம் கேட்டேன்? கல்யாணமாகி வந்த புதுசுல இங்கன துணி தொவைக்க வருவேன். படுத்துக்கெடக்க பொம்பள மேல செருப்புக்காலோட ஏறி நின்னு சீட்டியடிக்கானுவ. பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கது? சவத்த, அதான் கத்துனேன். அவ சாமியா இருந்தாலும் இல்லாட்டாலும் அது மரியாத இல்லல்லா?"



கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்தது வேறு. பாறை நாலு உயிரைக் காப்பாற்றிய செய்தி எங்கும் பரவிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அதைப் பார்க்கவென்றே கூட்டம். பார்த்தவர்களுக்கு அதில் ஏறி, நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அத்தை புதுத் தார்ப்பாய் கட்டிக் கடை போட்டாள். கத்தினாள். "நீங்களே ஏறினீங்களாமே?" என்று ஒருவர் கேட்டாராம், கிண்டல்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டாராம். அத்தை வாயை மூடிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். பூசாரியும் வந்து, கால் பட்ட தோஷத்துக்குப் பரிகாரம் செய்து பொங்கல் வைக்கிறவரை நீ விளக்கேற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். விளக்கை மாமா ஏற்றினார். அந்த சீசன் முழுக்க அத்தை யாரையும் இறங்கச் சொல்லவில்லை. "ஒங்க அக்கா சத்தமே இல்லாம இருக்கா, வீடு வீடா இல்ல" என்று மாமா தென்காசிக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். பேசாத மனிதர், அதைச் சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார்.

அடுத்த ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். பரிகாரமெல்லாம் முடிந்து அத்தை மறுபடி விளக்கேற்றத் தொடங்கியிருந்தாள். ஆனால் கத்துவதில்லை. அவள் பாட்டுக்குக் காய் சீவிக்கொண்டிருந்தாள். பின்னால் பாறை மேல் ஒரு வாலிபன் இடுப்பில் கை வைத்து நின்றான், கீழே அவனுடைய கூட்டாளிகள் படம் எடுத்தார்கள்.

அப்போது அந்த மெட்ராஸ்காரர்கள் வந்தார்கள். மனைவியின் தோளில் ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கணவர் தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். அந்தப் பெண் குழந்தையை அத்தையிடம் கொடுத்தாள். தன் கையிலிருந்து இரண்டு வளையலைக் கழற்றி, பாறையின் கை மடிப்பில் வைத்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

அத்தைக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. குழந்தையையும் பாறையையும் பார்த்தாள். "எம்மா, நீ வேணும்னா பிள்ளயக் கொண்டுபோயி அந்த எடத்துல ஒரு நிமிசம் உக்கார வைக்கியா? ஒனக்கு அவ ஒன்னும் சொல்ல மாட்டா" என்றாள்.

அத்தையே ஏறச் சொன்னாள்! எங்களால் நம்ப முடியவில்லை.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "வேண்டாம்க்கா. அன்னைக்கு எங்களச் சுமந்ததே போதும். அவங்களும் கொஞ்சம் நிம்மதியாப் படுத்திருக்கட்டும்."

அத்தை மெதுவாக நிமிர்ந்து பாறை உச்சியைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தவன் இப்போது ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"ஏலே! எறங்குலே! ஒன்னத்தாம்லே! யாரு மேல ஏறி நிக்கேன்னு தெரியுதாலே ஒனக்கு?"

அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மாமா யாருக்கோ முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர், கையை அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தார். மேலே நின்றவன் பதறி, இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினான்.

அத்தை தோளில் தூங்கிய குழந்தை திடுக்கிட்டு விழித்துக்கொண்டது. அத்தையின் முகத்தைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கி, மூச்சை இழுத்து, ஒரு வீறல் வீறிட்டது பாருங்கள், கூட்டாளிகள் இரண்டு பேர் கேமராவை உறையில் போட்டுவிட்டார்கள்.

அத்தை அவளைக் கையை நீட்டித் தூக்கிப் பிடித்து, முகமெல்லாம் சிரிப்பாகப் பார்த்தாள்.

"ஆத்தி, என்ன தொண்டட்டி ஒனக்கு! சீக்கிரம் வளந்து வா. இங்கன நின்னு கத்த எனக்கு ஒரு மாத்தாளு வேண்டியிருக்கு."